எத்தனை நடை?

(பொது நிர்வாகத் துறையில் நிகழ்ந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம். பேச்சின் இடையே வந்த கிளைக்கதைகள் சில குறைக்கப்பட்டுள்ளன.)



உள்ளாட்சி பற்றிப் பேச வருகிறவர் உத்திரமேரூர்க் கல்வெட்டில் தொடங்குவது நம் வழக்கம். நான் அங்கே தொடங்கவில்லை. பிற்பாடு ஒரு நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம். எனக்குத் தொடக்கம் கள்ளக்குறிச்சிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் திண்ணை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கையில் அச்சடித்த வினாப்படிவக் கட்டோடு வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தேன். ‘உங்கள் ஊர் நியாயவிலைக் கடையின் சேவை எப்படி?’ என்பது கேள்வி. மிக நன்று, நன்று, சுமார், மோசம், மிக மோசம் என்று ஐந்து கட்டங்கள். கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்த பாட்டியிடம் ஐந்தையும் படித்துக் காட்டினேன். முறத்தை இறக்காமலே சொன்னார்: “எதச் சொன்னா உனுக்கு வேல முடியும் தம்பி? அதயே போட்டுக்க.”

‘நன்று’ என்று போட்டுக்கொண்டேன். வெட்கத்தோடுதான் சொல்கிறேன். புறப்படும்போது, பேச்சுக்காக, “போன மாசம் சர்க்கரை கெடச்சுதா பாட்டி?” என்றேன். “கெடச்சுது. மூணு நட” என்றார். முதல் நடை கடை பூட்டியிருந்தது. இரண்டாம் நடை சரக்கு வரவில்லை. மூன்றாம் நடையில் வாங்கிவிட்டார். என் ஐந்து கட்டங்களில் எதிலும் அந்த ‘மூணு நட’ அடங்கவில்லை.

இன்று நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். கிராமத்தில் வாழ்கிறவருக்கு அரசு தரும் சேவையின் தரத்தை அளக்க அலகு ஒன்று வேண்டும் என்றால், அது ‘நடை’யாக இருக்க வேண்டும். வீட்டை விட்டுப் புறப்பட்டு, காரியம் முடிந்தோ முடியாமலோ வீடு திரும்பினால் ஒரு நடை. நாம் புதிதாக உருவாக்க வேண்டிய சொல் அல்ல இது. ஊரில் யாரைக் கேட்டாலும் இந்தக் கணக்கில்தான் பேசுவார்கள்.

1. எண்ணுவது எளிதாக இருப்பதை எண்ணுகிறோம்

ஓர் ஊருக்கு மின்சாரம் வந்துவிட்டது என்று எப்போது சொல்லலாம்? 1997 வரை, ஊரின் வருவாய் எல்லைக்குள் எந்தக் காரியத்துக்காவது மின்சாரம் பயன்பட்டால் போதும். ஊருக்கு வெளியே ஒருவர் கிணற்றில் ஒரு மோட்டார் ஓடினால் ஊரே மின்வசதி பெற்றதாகக் கணக்கு. 1997-இல் அந்த வரையறை மாறி, குடியிருப்புப் பகுதிக்குள் வந்திருக்க வேண்டும் என்றானது. 2004-இல் மறுபடியும் மாறியது: பள்ளி, பஞ்சாயத்து அலுவலகம் போன்ற பொது இடங்களுக்கு இணைப்பு வேண்டும், வீடுகளில் குறைந்தது 10 விழுக்காட்டுக்கு இருக்க வேண்டும். 2018 ஏப்ரல் 28 அன்று மணிப்பூரின் லைசாங் கிராமத்தோடு நாட்டின் எல்லா ஊர்களும் மின்வசதி பெற்றுவிட்டன என்று அறிவித்தார்கள். அறிவிப்பில் பொய் இல்லை. பத்து வீட்டில் ஒன்பது வீடு இருட்டாக இருந்தாலும் அது மெய்யாகவே இருக்கும் என்பதுதான் அந்த வரையறையின் அழகு.

2014-இல் ஜன்தன் கணக்குகள் தொடங்கியபோது, காசில்லாத கணக்குகள் எத்தனை என்று மேலிடம் எண்ணத் தொடங்கியது. எண்ணிக்கையைக் குறைக்கச் சில வங்கிக் கிளைகளில் ஊழியர்களே கணக்குக்கு ஒரு ரூபாய் போட்டு வைத்தது 2016-இல் செய்தித்தாள்களில் வந்தது. அந்த ஊழியர்களை நான் குறை சொல்ல மாட்டேன். எதை எண்ணுகிறார்களோ அதைத்தானே கொடுக்க முடியும்.

சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று. 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம், மலையில் 3,000 பேருக்கு. ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப்பள்ளி, மூன்று கிலோமீட்டருக்குள் நடுநிலைப்பள்ளி. ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் குடிநீர். இவை எல்லாம் தேவையான எண்கள்தாம். இவை இல்லாத காலத்தை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் இவை கொடுப்பவர் தன் பக்கத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டிக்கொள்கிற எண்கள். குழாய் பதித்தாயிற்றா என்று கேட்டால் பதில் வரும். குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, அந்த நேரத்தில் களையெடுக்கப் போனவள் வீட்டில் இருப்பாளா என்று கேட்க அங்கே இடம் கிடையாது.

கல்வியில், பெறுகிறவர் பக்கத்திலிருந்து எண்ணும் திருப்பம் முன்னரே வந்துவிட்டது. 2005-இல் பிரதம் அமைப்பு தொடங்கிய அசர் ஆய்வு, பள்ளியை எண்ணுவதை விட்டுவிட்டு, வீட்டு வாசலில் குழந்தையின் கையில் ஒரு பத்தியைக் கொடுத்துப் படிக்கச் சொன்னது. ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இரண்டாம் வகுப்புப் பாடம் படிக்க வரவில்லை என்ற செய்தி அதன் வழியாகத்தான் நமக்குத் தெரிய வந்தது. மற்ற துறைகளில் அந்தப் பத்திக்கு இணையானது எது? அதைத்தான் தேடுகிறேன்.

2. ‘திருப்தியா?’ என்று கேட்காதீர்கள்

கொடுப்பவர் எண்ணுவது போதாதென்றால் பெறுகிறவரிடமே கேட்டுவிடலாமே என்று தோன்றும். நானும் அப்படித்தான் படிவத்தோடு போனேன். இதிலுள்ள பள்ளத்தை அமர்த்தியா சென் விளக்கியிருக்கிறார். வங்கப் பஞ்சத்துக்கு மறு ஆண்டு, 1944-இல், கல்கத்தாவை அடுத்த சிங்கூரில் ஓர் ஆய்வு நடந்தது. மனைவியை இழந்த ஆண்களில் 48.5 விழுக்காட்டினர் உடம்பு சரியில்லை அல்லது சுமார் என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 விழுக்காடு. மருத்துவர்கள் பார்த்தால் நிலைமை அப்படி இல்லை. தன் உடம்பை ஒரு பொருட்டாகக் கருதும் உரிமையே தனக்கு இல்லை என்று பழகிப்போனவரிடம் நலமா என்று கேட்டால் நலம் என்றுதானே சொல்வார்? கேரளத்தில் நோய் என்று சொல்கிறவர்கள் அதிகம், ஆயுளும் அதிகம். பீகாரில் இரண்டும் குறைவு. இதையும் அவர்தான் எடுத்துக்காட்டினார்.

ஆகவே மனநிறைவுக் கணக்கு, பழக்கத்தின் கணக்காக முடிந்துவிடுகிறது. மோசமான சேவைக்குப் பழகிய ஊர் ‘நன்று’ என்கிறது. நல்ல சேவையைப் பார்த்துவிட்ட ஊர் ‘சுமார்’ என்கிறது. இந்த இரண்டு ஊர்களையும் வரிசைப்படுத்திப் பரிசு கொடுத்தால் பரிசு எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பாட்டியிடம் ‘எப்படி’ என்று கேட்டதற்குப் பதில் இல்லை. ‘எத்தனை’ என்று கேட்காமலே பதில் வந்தது. அபிப்பிராயம் கேட்டால் அவர் என் முகத்தைப் பார்க்கிறார். நடந்ததைக் கேட்டால் தன் காலைப் பார்க்கிறார்.

3. நடைக் கணக்கு

இனிக் கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும்.

ஒரு சேவை என்பது ஒரு காரியம். இந்த மாதச் சரக்கு வாங்குவது ஒரு காரியம். பட்டா பெயர் மாற்றுவது ஒன்று. வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை, குழந்தைக்குத் தடுப்பூசி, ஒவ்வொன்றும் ஒன்று. காரியம் முடிய எத்தனை நடை என்று எண்ண வேண்டும். வெறுங்கையோடு திரும்பிய நடையைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். சொல்லப்போனால் அதற்காகத்தான் இந்தக் கணக்கே. துணைக்குப் போனவரின் நடையையும் சேர்க்க வேண்டும். எண்பது வயதுக்காரர் தனியாகத் தாலுகா ஆபீஸ் போவதில்லை. மகனோ மருமகளோ வேலையை விட்டுவிட்டு உடன் போகிறார்கள்.

இதைப் பணமாக்கிப் பாருங்கள். தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962-இல் தொடங்கியது. 2023-இல் அது மாதம் 1,200 ரூபாய் ஆனது. நூறு நாள் வேலையில் 2024-25-க்கு நம் மாநிலத்துக்கு அறிவிக்கப்பட்ட கூலி நாளுக்கு 319 ரூபாய். உதவித்தொகை மனுவுக்காகத் தாயை அழைத்துக்கொண்டு மகன் நான்கு நடை போனால் 1,276 ரூபாய் போயிற்று. முதல் மாதப் பணம் வருவதற்கு முன்பே செலவாகிவிட்டது. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதனால் தாயின் பஸ் காசு மிச்சம். பெரிய காரியம் அது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பஸ் அந்த ஊருக்குக் காலையில் ஒரு தடவையும் சாயங்காலம் ஒரு தடவையும்தான் வருகிறது என்றால், பத்து நிமிட வேலைக்கு முழுநாள் போகிறது. நடை என்ற அலகு இந்த நாளையும் சேர்த்து விழுங்கிக்கொள்கிறது. அதனால்தான் எனக்கு அது பிடித்திருக்கிறது.

நியாயவிலைக் கடைக்கு வருகிறேன். எல்லாருக்கும் அட்டை, எல்லாருக்கும் அரிசி என்பதில் தமிழ்நாடு பிற மாநிலங்களுக்கு முன்மாதிரி. அதைச் சொல்லிவிட்டுத்தான் குறை சொல்ல வேண்டும். அரிசிக்கு ஒரு நடை, பருப்பு அடுத்த வாரம் வரும் என்பதால் அதற்கொரு நடை, பாமாயிலுக்கு இன்னொன்று. கணினியில் பார்த்தால் அந்த அட்டைக்கு அந்த மாதம் மூன்றும் வழங்கப்பட்டாயிற்று, முழு மதிப்பெண். 2020-இல் விரல்ரேகை மெஷின் வந்தபோது இன்னொரு வகை நடை பிறந்தது. நாற்று நட்டும் செங்கல் சுமந்தும் ரேகை தேய்ந்த கைகளை மெஷின் ஏற்க மறுக்கிறது. “எண்ணெய் தேய்ச்சுட்டு நாளைக்கு வாங்க” என்கிறார் விற்பனையாளர். மெஷின் ஒரு நிராகரிப்பைப் பதிவு செய்யும். ஒரு நாளைப் பதிவு செய்யாது.

இப்போது பட்டா. உட்பிரிவு தேவையில்லாத முழுப்புல மாறுதல் என்றால் இன்று ஓரளவு சீக்கிரம் நடக்கிறது. அண்ணன் தம்பி பாகம் பிரித்து உட்பிரிவு செய்ய வேண்டும் என்றால் சர்வேயர் வந்து அளக்க வேண்டும். அவர் வரும் நாளைச் சொல்ல மாட்டார்; சொன்னாலும், அந்த நாளில் பக்கத்து நிலத்துக்காரர் ஊரில் இருக்க மாட்டார். இ-சேவை மையம் வந்த பிறகு மனுப்போடும் நடை தாலுகா ஆபீஸிலிருந்து பக்கத்து ஊருக்கு நெருங்கி வந்தது உண்மை. ஆனால் விண்ணப்பத்தில் ஓர் ஆவணம் தெளிவாக இல்லை என்று நிராகரித்துவிட்டால்? மனுதாரர் திரும்பவும் முதலிலிருந்து தொடங்குகிறார். கணினிக்கு அது புதிய மனு. பழைய மனு ‘முடிக்கப்பட்டது’ என்ற வரிசையில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

இது மென்பொருளின் குறை மட்டும் அல்ல. சேவை உரிமைச் சட்டங்களின் உள்ளேயே இந்த ஓட்டை இருக்கிறது. மத்தியப் பிரதேசம் 2010-இல் முதலில் அப்படியொரு சட்டம் செய்தது. கெடுவுக்குள் சேவை தராத அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம் 5,000 வரை தண்டம். கர்நாடகத்தின் ‘சகாலா’ 2012-இல் நடைமுறைக்கு வந்தது. தாமதமாகும் நாளுக்கு 20 ரூபாய், 500-க்கு மேல் போகாமல், மனுதாரருக்கு ஈடு. முன்னோடிச் சட்டங்கள், ஐயமில்லை. ஆனால் கெடுவுக்குள் ‘இல்லை’ என்று எழுதித் தந்துவிட்டாலும் கெடு காக்கப்பட்டதாகிவிடும். அலுவலரின் நாள்களை எண்ணும் எந்த அளவுகோலுக்கும் இந்த வழுக்கல் உண்டு. மனுதாரரின் நடைகளை எண்ணினால் இல்லை. நிராகரித்தால் நடை கூடும், குறையாது.

கேள்வி நேரத்தில் ஓர் அலுவலர் எழுந்து சொன்னதை இங்கேயே சேர்த்துவிடுகிறேன். “ஐயா, மூன்று கிராமத்துக்கு ஒரு வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) கூடுதல் பொறுப்பு பார்க்கிறார். ஒரே விற்பனையாளர் இரண்டு கடை திறக்கிறார். நடையை எண்ணினால் அடி அவர் தலையில்தானே விழும்?” நியாயமான கேள்வி. என் பதில்: விழக் கூடாது. நடை அலுவலருக்குப் போடும் மதிப்பெண் அல்ல. ஒரு குறிப்பிட்ட ஊரில் ஒரு குறிப்பிட்ட காரியத்துக்கு ஆகும் செலவு அது. ஒரே விற்பனையாளர் இரண்டு கடை பார்க்கும் ஊர்களில் நடை கூடுகிறது என்று தெரிந்தால், காலியிடத்தை நிரப்பச் சொல்வதற்கு அந்த விற்பனையாளருக்கே அதைவிட நல்ல சாட்சி கிடையாது. இன்றைக்குக் காலியிடத்தின் செலவு அரசின் எந்தப் பேரேட்டிலும் இல்லை. அதைக் கட்டுகிறவர் கிராமத்தார்.

4. தூரம் கிலோமீட்டரில் இல்லை

கொல்லிமலைக்கு ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். வரைபடத்தில் விரல் வைத்தால் அடிவாரம் பக்கத்தில்தான். மலைக்கு மேல், சாலையிலிருந்து விலகிய குடியிருப்புகளில் கர்ப்பிணியைத் தொட்டில் கட்டித் தூக்கி வருகிற செய்தியை நம் மலைப்பகுதிகள் பலவற்றிலிருந்தும் இன்னும் படிக்கிறோம். 108 ஆம்புலன்ஸ் 2008-இல் தமிழ்நாட்டுக்கு வந்தது. அது சாலை முடியும் இடம் வரை வரும். அங்கிருந்து மேலே எவ்வளவு நேரம் என்பது அந்த வண்டியின் கணக்கில் இல்லை.

சமவெளியிலும் ஒரு தூரம் இருக்கிறது, அதைப் பேசக் கூச்சப்படுகிறோம். ஊரும் காலனியும் அரை கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடை, நூலகம், பஞ்சாயத்து அலுவலகம் எல்லாம் ஊருக்குள் இருந்தால், எல்லாருக்கும் ஒரு கிலோமீட்டருக்குள் சேவை என்ற விதி நிறைவேறிவிட்டது. அந்த அரை கிலோமீட்டரில் எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும், எந்தத் திண்ணையைத் தாண்ட வேண்டும் என்பதைக் காலனிப் பெண்ணிடம்தான் கேட்க வேண்டும்.

இங்கே என் அலகின் குறையையும் நானே சொல்லிவிடுகிறேன். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு கர்ணம், மணியம் பதவிகளை ஒழித்தது. பரம்பரையாக வந்த பதவிகள். பின்னர் தேர்வெழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர் அந்த இடத்துக்கு வந்தார். வெறும் நடைக் கணக்குப் போட்டால் பழைய ஏற்பாடே மேல் என்று வரும். கர்ணம் ஊரிலேயே இருந்தார், அவர் வீடு அடுத்த தெரு; வி.ஏ.ஓ. பல ஊர்களில் டவுனிலிருந்து வந்து போகிறார். ஆனால் கர்ணம் வீட்டு வாசலுக்குப் போன நடை எப்படிப்பட்ட நடை? யார் செருப்பைக் கழற்றினார்கள், யார் வாசற்படிக்குக் கீழே நின்றார்கள், யாருடைய சிட்டா எவ்வளவு காலம் அவர் பெட்டிக்குள் கிடந்தது? எண்ணிக்கை அதைச் சொல்லாது. ஆகவே நடையோடு இன்னொன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும்: உட்காரச் சொன்னார்களா, நின்றுகொண்டே இருந்தார்களா. இதை எப்படி எண்ணாக்குவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. மாணவர்கள் யாராவது முயன்று பார்க்கலாம்.

5. எண்ணுவது யார்?

துறையே எண்ணினால் என்ன ஆகும் என்று பார்த்தோம். வெளியாள் எண்ணினால் கொஞ்சம் உண்மை வரும். 2003-இல் முன்னறிவிப்பில்லாமல் பள்ளிகளுக்கும் சுகாதார நிலையங்களுக்கும் ஆள் அனுப்பி ஓர் ஆய்வு நடந்தது. இந்தியாவில் அரசுத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களில் 25 விழுக்காட்டினரும் சுகாதாரப் பணியாளர்களில் 40 விழுக்காட்டினரும் இடத்தில் இல்லை. வருகைப் பதிவேட்டை மட்டும் பார்த்திருந்தால் இது வெளியே வந்திருக்காது. ஆனால் ஆய்வாளர் போய்விடுவார். நானும் போய்விட்டேன்.

ஊரே எண்ணிய கதை ராஜஸ்தானில் நடந்தது. மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. பஞ்சாயத்து வேலையின் வருகைப் பட்டியலை ஊர் நடுவில் உரக்கப் படித்தார்கள். பெயர் வந்தவர்கள் எழுந்து, நான் அந்த வேலைக்கே போகவில்லையே என்றார்கள். தகவல் உரிமைச் சட்டம் 2005-இல் வந்ததற்கு அந்த வாசிப்பு ஒரு வேர். வேலை உறுதிச் சட்டத்தின் சமூகத் தணிக்கையும் அங்கிருந்து வந்ததுதான். உத்திரமேரூரை இங்கே எட்டிப் பார்க்கலாம்: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் குடவோலையில் சேர்க்கக் கூடாது என்றது பராந்தக சோழன் காலத்து அந்த ஏற்பாடு. நம்மவர்கள் அந்தக் கல்வெட்டில் தேர்தலைத்தான் கொண்டாடுகிறார்கள். எனக்கு அந்தக் கணக்கு வரிதான் பிடிக்கும்.

நம்மிடம் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராமசபை நாள்கள் இருக்கின்றன. வரவு செலவு படிக்கிறார்கள், தீர்மானம் போடுகிறார்கள். அதோடு ஒரு தாளும் படிக்கலாம்: இந்தக் காலத்தில் இந்த ஊரில் எந்தக் காரியத்துக்கு எத்தனை நடை. யார் பெயரும் வேண்டாம். பெயர் வந்தால் நாளைக்கு அதே கவுண்டரில் போய் நிற்க வேண்டுமே என்ற பயம் வரும். அந்தப் பயத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. மனுநீதி நாளில் கலெக்டரிடம் மனுக் கொடுத்துவிட்டு, மனுவை விசாரிக்க, புகாருக்கு உள்ளான அலுவலகத்துக்கே அனுப்பிவிட்டார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன்.

குறிப்பதற்குச் செயலி வேண்டியதில்லை. நூறு நாள் வேலையில் நாளுக்கு இரண்டு தடவை படம் எடுத்து ஏற்றும் செயலி வந்தபோது, சிக்னல் கிடைக்காத ஏரிக்கரையில் படம் ஏறும்வரை நின்ற பெண்களைக் கேட்டால் செயலியைப் பற்றி வேறு கதை சொல்வார்கள். செயலி இல்லாமலே வீட்டில் எல்லாரும் ஏதாவது ஒரு கணக்கைக் குறித்துத்தான் வைக்கிறார்கள்.

போன ஆண்டு, விழுப்புரம் பக்கம் ஓர் ஊரில், ஆதரவற்ற விதவை உதவித்தொகைக்கு மனுப்போட்டிருந்த அம்மா ஒருவரின் வீட்டுக்குப் போனேன். அடுப்பங்கரைச் சுவரில் கரிக்கோடுகள் இரண்டு வரிசை. மேல் வரிசை பால் கணக்கு. கீழ் வரிசையைக் கேட்டேன். “அது ஆபீசு கணக்குங்க” என்றார். ஆறு கோடு. ஆறாவதை அடுத்து ஒரு சின்ன சுழி.

“இது என்னம்மா?”

“அன்னிக்கு நான் கெளம்பி ரோட்டு வரைக்கும் போயிட்டேன். பதினோரு மணி வரைக்கும் பஸ்ஸு வரல, திரும்பிட்டேன். ஆபீசு மேல தப்பு இல்ல பாருங்க. இதச் சேக்கறதா வேணாமான்னு தெரியல. அதான் சுழிச்சு வச்சேன்.”

சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். கொஞ்சம் யோசித்தார். அடுப்படியிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துச் சுழியின் மேல் கோடு கிழித்தார்.